புது லாரிக்குத் தவணையா, பழைய லாரிக்குப் பட்டறையா?

2025 செப்டம்பர் 22 முதல் புது லாரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்றிலிருந்து சங்ககிரி, நாமக்கல் பக்கம் பிறர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பிகள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பேசாமல் புது வண்டியே எடுத்துவிடலாமா?"

நானும் 11 ஆண்டுகள் சம்பளத்துக்கு ஓட்டியவன். 2024 தொடக்கத்தில் 2019 மாடல் பத்துச் சக்கர லாரி ஒன்றை 16 லட்சத்துக்கு வாங்கினேன். 11 லட்சம் கைக்காசு. அதில் மனைவியின் நகையும் அடக்கம். மீதி 5 லட்சம் மூன்று வருடக் கடன். அதே மாதம் என் மைத்துனர் புது வண்டி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு சொல்கிறேன்: ஒரே வண்டி, ஓட்டுநரும் நீங்களே, கையில் நிரந்தர லோடு இல்லை என்றால் பழைய வண்டியை வாங்குங்கள்.

பொதுவான செலவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். டயர், சுங்கம், எல்லா மாநிலங்களிலும் ஓட்ட அனுமதிக்கும் நேஷனல் பெர்மிட்டுக்கான ஆண்டுக் கட்டணம் 16,500 ரூபாய் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். மூன்றாம் நபர் காப்பீடும் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை. 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்தது 43,950 ரூபாய், வரி தனி. புது வண்டியில் கேபின் சொகுசு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கட்டாயம். மே மாதத்தில் நாக்பூரைத் தாண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் கணக்கு. இன்றைக்குப் புதுப் பத்துச் சக்கர வண்டியைப் பாடி கட்டிச் சாலையில் இறக்க 38 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சம் கையிலிருந்து போட்டு, 30 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 64,500 ரூபாய். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி அதிகம். எனக்கு 15 சதவீதம். ஆனாலும் கடன் சிறியதால் என் தவணை 17,300 ரூபாய்தான்.

பட்டறைச் செலவுக்கு நான் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் எடுத்து வைக்கிறேன். புது வண்டிக்கு 1 ரூபாய் போதும். டீசலிலும் எனக்குத்தான் நட்டம். என் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர், மைத்துனரின் வண்டி 4.3. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் எனக்கு 140 லிட்டர் கூடுதல், சுமார் 13,000 ரூபாய். ஆக அந்த மாதம் தவணை, பட்டறை, கூடுதல் டீசல் மூன்றும் சேர்ந்து எனக்கு 54,300. புது வண்டிக்கு 72,500. வித்தியாசம் 18,200 ரூபாய். "இவ்வளவுதானா, இதற்காகவா பழைய வண்டியோடு மல்லுக்கட்டுவது?" என்று தோன்றலாம்.

லோடு இல்லாத மாதத்தில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் எனக்கு 35,800, புது வண்டிக்கு 68,500. வித்தியாசம் 32,700 ஆகிவிடுகிறது. பட்டறைச் செலவு ஓடிய தூரத்தைப் பார்த்து வருகிறது. தவணை நாட்காட்டியைப் பார்த்து வருகிறது. வண்டி ஓரமாக நிற்கும் ஒவ்வொரு நாளும் புது வண்டிக்காரர் 2,150 ரூபாய் கொடுக்கிறார். நான் கொடுப்பது 580.

வண்டி நிற்கவே நிற்காது என்று நினைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். என் வழக்கமான நடை, சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர், சுமார் 1,600 கிலோமீட்டர். திரும்பும்போது நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்குச் சோயாப் புண்ணாக்கு. சோயா அறுவடை முடிந்த கையோடு போனால் மறுநாளே லோடு கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை காலி வண்டியாக நாசிக் வரை 400 கிலோமீட்டர் வந்து வெங்காயம் ஏற்றினேன். 2018 ஜூலை வேலைநிறுத்தத்தில் எட்டு நாள் நின்றோம். 2020 ஊரடங்கில் ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தார்கள். வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அப்போது நான் சம்பளக்காரன். என் முதலாளி இரண்டு வண்டிகளை விற்றதைக் கண்ணால் பார்த்தேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 5-ஆம் தேதி தவணை என்றால், 2-ஆம் தேதி லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் காத்திருக்கும் வண்டிக்காரரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். டீசலுக்கே கட்டாத வாடகைக்கும் அவர் ஏற்றித்தான் ஆக வேண்டும். தவணை சிறியதாக இருப்பதால்தான் என்னால் "இந்த வாடகைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்து வர முடிகிறது. ஒற்றை வண்டிக்காரனுக்குப் பேரம் பேச வேறு பலம் கிடையாது.

பழைய வண்டி தரும் வலியை மறைக்க மாட்டேன். போன வருடம் கியர்பாக்ஸ் போய் 78,000 ரூபாய் செலவு, ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. கிலோமீட்டருக்கு 3 ரூபாயைத் தனிக் கணக்கில் போடாமல் இருந்திருந்தால் கந்துவட்டிக்குப் போயிருப்பேன். அந்தப் பழக்கம் இல்லாதவர் பழைய வண்டி வாங்கவே கூடாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிகள் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. ஓட்டுநராக ஏழு மாதம் ஓட்டியதோடு சரி. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசலின் சென்சாரில் கோளாறு வந்து இழுவை குறைந்தபோது, எந்த நெடுஞ்சாலைப் பட்டறையிலும் கை வைக்கவில்லை. கம்பெனி ஆள் கணினியோடு வரும்வரை காத்திருந்தோம். ஒரு வண்டியை வைத்து எல்லா வண்டிகளையும் குறை சொல்ல முடியாது.

மைத்துனருக்குப் புது வண்டி சரியாகவே அமைந்தது. சிமெண்ட் ஆலை ஒப்பந்தம், மாதம் 10,000 கிலோமீட்டருக்குக் குறைவதில்லை. அந்த ஓட்டத்தில் எங்கள் செலவு வித்தியாசம் 11,000 ரூபாய்க்குச் சுருங்கிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து அவர் கையில் கடனில்லாத, நல்ல விலை போகும் வண்டி இருக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் நானும் புதுசே எடுத்திருப்பேன்.

பழையது வாங்கும்போது விலையைவிட மாடல் வருடத்தைப் பாருங்கள். இரண்டு அச்சு லாரிக்கு 12 வயதுக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடையாது. மூன்று அச்சும் அதற்கு மேலும் என்றால் 15 வயது. என் பத்துச் சக்கர வண்டிக்கு மூன்று அச்சு என்பதால் 2034 வரை இருக்கிறது. 2030-க்குள் விற்றுவிடுவேன், வாங்குபவருக்கும் நான்கு வருடம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். எட்டு வயதைக் கடந்தால் தகுதிச் சான்று வருடாவருடம் வாங்க வேண்டும். அதற்காக பெயின்ட், டிங்கரிங் என்று நிற்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். வடக்கே ஓட்டுபவர்கள் பி.எஸ். 3 வண்டியைத் தொடவே வேண்டாம். 2025 நவம்பர் 1 முதல் டெல்லியில் பதிவாகாத அத்தகைய சரக்கு வண்டிகளை அந்த நகருக்குள் விடுவதில்லை.