கிளிக்குப் பலகைப் பெட்டியா, மண்பானையா, தென்னந்துண்டா?

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் கொல்லையில் 41 தென்னைகள் நின்றன. விடிந்து பார்த்தால் ஆறுதான் முழுசாக இருந்தன. தலை முறிந்து மொட்டையாக நின்ற இரண்டை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்தோம். ஒரு வருடம் கழித்து அதில் ஒன்றில் பொன்முதுகு மரங்கொத்தி துளை போட்டது. 2020 தை மாதம் ஒரு பச்சைக்கிளி ஜோடி அந்தத் துளையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம், இரண்டு ஈடு குஞ்சுகள். 2021 மழையில் அந்த மொட்டை மரமும் சாய்ந்தது. அடுத்த தையில் அந்த ஜோடி திரும்பி வந்து, மரம் நின்ற இடத்துக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் மூன்று வகைக் கூடுகளைக் கொல்லையிலும் தெருப்பக்கத்து வேம்பிலும் மாட்டினேன்: ஆசாரி செய்த பலகைப் பெட்டி, வாய் குறுகிய மண்பானை, குடைந்த தென்னந்துண்டு. மூன்று கூடுகாலம் பார்த்தாயிற்று. என் ஓட்டு தென்னந்துண்டுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பானையை முதலில் முடித்துவிடலாம். மலிவு, மாட்டுவது சுலபம், குளிர்ச்சி. ஆனால் உட்சுவர் வழவழப்பு. வளர்ந்த குஞ்சு வாய்வரை ஏறிவரப் பிடிப்பு கிடையாது. எங்கள் பானைக்குக் கிளி ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. மூன்று வருடமும் மைனா குடியிருந்தது. மைனாவும் நல்ல பறவைதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

உண்மையான போட்டி பெட்டிக்கும் துண்டுக்கும்தான். இரண்டுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்று: உள்ளகலம் 9 அங்குலம், ஆழம் 2 அடி, வாய் 3 அங்குல வட்டம். உயரம் 15 அடிக்குக் குறையாமல். வாய் மேற்கே பார்க்கக்கூடாது. மாசி, பங்குனி வெயில் நேராக உள்ளே இறங்கும். நான் கிழக்கே பார்க்க வைத்தேன். அடியில் தண்ணீர் வடிய நாலு சிறு துளை. இதெல்லாம் எதற்கும் பொது.

தேர்வைத் தீர்மானிப்பது வேறொன்று. அது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது: உள்ளே கொறிக்க என்ன இருக்கிறது?

காகம்போலக் குச்சி பொறுக்கியோ, சிட்டுக்குருவிபோல வைக்கோல் சுமந்தோ கிளி கூடு கட்டுவதில்லை. ஒரு துரும்புகூட வெளியிலிருந்து கொண்டுவராது. பொந்தின் சுவரைத் தன் அலகால் கொறித்து, அந்தத் தூளைத் தரையில் உதிர்த்து, அதன்மேல்தான் முட்டையிடும். முட்டை உருளாமல் இருப்பது அந்தத் தூளால். குஞ்சுகளின் எச்சத்தை உறிஞ்சித் தரையை ஈரமில்லாமல் வைப்பதும் அதே தூள்தான். அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். பொரிந்த குஞ்சு வெளியே வர இன்னும் ஆறேழு வாரம். முட்டையோடு சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பொந்துதான் வீடு. ஆகவே வாயில் உட்கார்ந்து சுவரைக் கடித்துப் பார்ப்பது கிளிக்கு விளையாட்டில்லை. வீடு பார்க்கும் வேலையே அதுதான்.

தென்னை இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. மாமரம், வேம்பு போன்றவற்றில் வைரம், அதாவது கெட்டிப்பகுதி, நடுவில் இருக்கும். தென்னையில் வைரம் வெளியே, மெத்தென்ற சோறு உள்ளே. இரண்டரை அடித் துண்டின் வெளிச்சுற்று வெயிலையும் மழையையும் தாங்கும். உட்பக்கம் அலகுக்கு இளகிக் கொடுக்கும், நார் நாராகப் பிரியும், குஞ்சின் நகத்துக்குப் பிடிப்பும் தரும். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், துண்டை முழுசாகக் குடையாதது. மேலே இருந்து ஓரடி மட்டும் உளியால் குடைந்து, கீழே மீதி ஆழத்துக்கு உளுத்த சோற்றை அப்படியே விட்டேன். மேலே மாம்பலகையில் ஒரு மூடி, நாலு விரல் வெளியே நீட்டி. 2023 மார்கழி முடியும் முன்னே, அதாவது ஜனவரி முதல் வாரத்தில், ஜோடி வந்தது. கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாகப் பட்டை உள்ளது ஆண், பட்டை இல்லாதது பெண். பெண்தான் அதிகம் உள்ளே போனது. பத்து நாள் மரத்தடியில் தவிட்டு நிறத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. பங்குனிக் கடைசியில் மூன்று குஞ்சுகள் ஒவ்வொன்றாக வாயில் தலை நீட்டின.

அதே வருடம் வேப்பம்பலகைப் பெட்டி என்ன ஆனது? கிளி ஒன்று இரண்டு நாள் வாயில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிறகு அணில் தேங்காய் நாரைத் திணித்துக்கொண்டது. இரண்டாம் வருடம் கைப்பிடி இழைப்புச் சுருள் போட்டேன். ஜோடி பார்த்தது, தங்கவில்லை, மைனா பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருடம் அதே பெட்டிக்குள் மட்கிய முருங்கைக் கட்டைகளைப் பாதி உயரத்துக்கு அடைத்து, வாய்க்குக் கீழே உட்பக்கம் குறுக்குச் சட்டங்கள் அடித்தேன். அதே மரம், அதே உயரம், அதே ஆசாரி வேலை. இந்த முறை கிளி தங்கியது. ஒரு ஜோடி, ஒரு வருடம். இதை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் முருங்கையும் கல்யாண முருங்கையும் பெட்டிக்காரர்கள் கட்டாயம் முயன்று பார்க்கவேண்டியவை.

பெட்டிக்கு உரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். துண்டு கனம். எங்களுடையது குடையும் முன் 25 கிலோவுக்குக் குறையாது. ஏணியில் ஒருவர், கயிற்றில் இருவர் இல்லாமல் ஏற்ற முடியாது. மரப்பட்டை அறுபடாமலிருக்கக் கம்பிக்கு அடியில் சைக்கிள் டயர் கொடுத்துக் கட்டினோம். கறையான் ஏறும். மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, மட்கிய தென்னையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பக்கத்துத் தோப்புக்காரருக்கு அது நியாயமான கவலை. ஆனி மாதம் குஞ்சுகள் போனபின் துண்டை இறக்கி, அடிச்சோற்றைக் கிளறி, வெள்ளைப் புழு இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு, காயவைத்து மறுபடி மாட்டுகிறேன். பெட்டியில் மூடியைத் திறந்து கொட்டினால் வேலை முடிந்தது. சென்னையிலோ மதுரையிலோ மாடி வீட்டில் இருப்பவருக்குத் துண்டு சரிவராது, பெட்டிதான் வழி. பிளைவுட் மட்டும் வேண்டாம், கிளி கடிக்கும்போது பசையும் சேர்ந்து வாய்க்குள் போகும். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது.

தீனி வைத்தால் கிளி கூட்டமாக வரும். சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் மொட்டை மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கில் வரவழைத்தது ஊரறிந்த செய்தி. ஆனால் தின்ன வருகிற கிளி தங்கிவிடும் என்று எண்ணவேண்டாம். தங்க அதற்குப் பொந்து வேண்டும். பட்ட மரங்களை உடனுக்குடன் வெட்டிவிடுகிறோம். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துப் பொந்துகளைப் பூசிவிடுகிறோம். பிறகு எங்கே போகும்?

இன்னொன்று, எந்தக் கூடானாலும். குஞ்சு கத்தும் சத்தம் தெருவரை கேட்கும். போன வருடம் அறிமுகமில்லாத இருவர் இரண்டு மாலை வந்து வேம்பை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பின் தண்டில் ஆளுயரத்துக்கு மேலே இலந்தை முள் கட்டினோம். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். நாமும் ஏணி போட்டு எட்டிப் பார்க்கக்கூடாது. பெண் கிளி மிரண்டால் முட்டையை விட்டுப் போய்விடும்.

முதல் துண்டின் அடி இந்த வருடம் உளுத்து உதிரத் தொடங்கிவிட்டது. புதுத் துண்டு கிணற்றடி நிழலில் காய்கிறது. கார்த்திகை மழை விட்டதும் ஏற்றிவிட வேண்டும். மார்கழிக் கடைசியில் அவை பார்க்க வந்துவிடும்.