பேங்க் அலர்ட் சர்வீஸ்: ஒரு வருஷம் யூஸ் பண்ணதுல 5க்கு 4

என் பேங்க் ஆப்ல வர்ற அலர்ட் எல்லாத்தையும் ஒரு வருஷமா ஒழுங்கா படிக்கிறேன், அதுக்கு முன்னாடி மெசேஜ் வந்த சத்தம் கேட்டாலே தள்ளி விட்டுட்டு மாசக் கடைசில ஸ்டேட்மென்ட்ட வச்சுக்கிட்டு பணம் எங்க போச்சுன்னு தேடிட்டு இருப்பேன்.

மொத்த சர்வீஸ்லயும் உருப்படியானது லோ பேலன்ஸ் அலர்ட் தான். லிமிட்ட நாமளே வச்சுக்கலாம், ஆனா நிறைய பேர் ரொம்ப கம்மியா வச்சுடுறாங்க, மெசேஜ் வர்றப்போ அக்கவுன்ட்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது, அப்புறம் அது வந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க. நான் மாசாமாசம் ஆட்டோ டெபிட்ல போற இஎம்ஐ, இன்சூரன்ஸ், போன் பில் எல்லாத்தையும் கூட்டி அதுக்கு கொஞ்சம் மேல வச்சேன், அலர்ட் வந்த அன்னைலருந்து கைய இறுக்கிடுவேன், இந்த ஒரு வருஷத்துல ஒரு டெபிட் கூட பவுன்ஸ் ஆகல. ஃப்ரீ ட்ரயல்னு போட்டு மறந்தே போன ஒரு சப்ஸ்கிரிப்ஷன் பணம் எடுக்க ஆரம்பிச்சதும் முதல் மாசமே தெரிஞ்சுது, அன்னைக்கே கேன்சல் பண்ணேன்.

அப்பாவுக்கு எஸ்எம்எஸ்ஸ தமிழ்ல வர்ற மாதிரி மாத்திக் குடுத்தேன். அவருக்கு சந்தோஷம் தான், ஆனா ஒரு எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ்னா 160 எழுத்து போகும், தமிழ்னா 70 தான், அதுலயும் மேல வைக்கிற புள்ளி கூட தனி எழுத்தா கணக்காகும், அதனால கடை பேர பாதில வெட்டிடுறாங்க, யாருக்கு போன பணம்னே புரிய மாட்டேங்குது. அவர் போன்லயும் ஆப் போட்டுக் குடுத்த அப்புறம் தான் முழு பேர் தெரியுது. ஆனா ஆப் நோட்டிஃபிகேஷனுக்கு நெட் வேணும், அதனால எஸ்எம்எஸ்ஸ நிறுத்தாம ரெண்டையும் வச்சிருக்கோம்.

எனக்கு கோவம் வர்ற விஷயம், லோன் வேணுமா கார்டு வேணுமான்னு விளம்பரத்தையும் இதே வழில அனுப்புறது. பத்து விளம்பரம் பாத்து சலிச்சவன் பதினொண்ணாவதா வர்ற நிஜ டெபிட்ட எப்படிங்க கவனிப்பான்? ஆப்ல ஆஃபர்ஸ தனியா ஆஃப் பண்ண முடியுது, முதல் வேலையா அத பண்ணிடுங்க. பேங்க் பேர்லயே போலி மெசேஜ் அனுப்புறவங்களும் இருக்காங்க, சில சமயம் அது நிஜ மெசேஜுங்க இருக்கிற அதே த்ரெட்லயே வந்து உக்காந்துக்கும், அதனால லிங்க் இருந்தா தொடவே தொடாதீங்க, தனியா ஆப்ப திறந்து பாருங்க. லாக் ஸ்க்ரீன்ல மெசேஜ் தெரியாம வைக்கிறதும் முக்கியம், ஓடிபி அங்கயே தெரியும்ல.

ஒரு மார்க் குறைச்சது எதுக்குன்னா, ரூம் புக் பண்றப்போ கார்டுல அட்வான்ஸா கொஞ்சம் பணத்த பிடிச்சு வைப்பாங்கல்ல, அதுக்கு உடனே டெபிட் மாதிரியே அலர்ட் வருது, காலி பண்ணதும் ஒரிஜினல் பில்லுக்கு இன்னொண்ணு வருது, பிடிச்சத விடுவிச்சப்போ மட்டும் சத்தமே இல்ல. அலர்ட்ட மட்டும் நம்பி செலவு எழுதினதுல அந்த மாசம் ரெண்டு தடவ கணக்கு வந்துடுச்சு. விடுவிச்சதுக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கன்னு ஆப் ஃபீட்பேக்ல எழுதி போட்டேன், இன்னும் பதில் வரல.