ஐந்து பச்சை டிக், ஒரு முறிந்த கால்: பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சியிடம் நான் ஏமாந்த கதை

கிடங்கு, பட்டறை, சின்ன நிறுவனம் என்று எதையாவது நடத்தி, நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, இதே மாதிரி வேலை செய்கிறவர்கள் வேறு பெயர்களிலும் இருக்கிறார்கள்.

எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி) ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென விலகிவிட்டார். சரக்கு தேங்க ஆரம்பித்தது. வந்து பார்த்தவர்களில் ஒருவர் ஆறு வருட அனுபவம் என்றார். பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தார், தன்மையாகப் பேசினார். பேச்சை மட்டும் நம்பி வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று, அவர் விவரங்களைப் பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒரு ஏஜென்சியிடம் அனுப்பினேன். மூன்றே நாளில் ரிப்போர்ட் வந்துவிட்டது. அடையாளம், முகவரி, முந்தைய வேலை, பயிற்சிச் சான்றிதழ், நீதிமன்றப் பதிவு. ஐந்துக்கும் பச்சை டிக். இவ்வளவு வேகமா என்று சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் மதியம் அவர் பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகையை) மேலே உயர்த்தியபடியே வண்டியைத் திருப்பினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ரேக்கின் காலில் மோதியது. மேல் தட்டில் இருந்த பெட்டிகள் சரிந்தன. கீழே சரக்கு எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஊழியருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு அறுவை சிகிச்சை.

ஃபோர்க்லிஃப்ட் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு நான்கு சக்கரம் இருந்தாலும், பொதுவாக அது தாங்கி நிற்பது மூன்று புள்ளியில்தான். முன் சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடுவில் இருக்கும் மூட்டு ஒன்று. அந்த முக்கோணத்துக்குள் எடையின் மையம் இருக்கும்வரை வண்டி நிற்கும். சுமையை உயரத் தூக்கிவிட்டுத் திருப்பினால் மையம் விளிம்புக்கு ஓடிவிடும். போதாக்குறைக்குத் திரும்புவது பின் சக்கரம். முன்பக்கத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வால் வெளியே வீசும். சுமையைத் தாழ்த்திக்கொண்டு நகர வேண்டும் என்பது பயிற்சியின் ஆரம்பப் பாடம். ஆறு வருடம் ஓட்டிய கை இப்படிச் செய்யாது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது இதுதான்.

மறுநாள் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அவர் முன்பு வேலை பார்த்ததாகச் சொன்ன நிறுவனத்தின் பொது எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். எச்ஆர் பிரிவில் இருந்தவர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஆள் அங்கே இருந்தது உண்மை. எட்டு மாதம். சுமை ஏற்றி இறக்கும் வேலை. வண்டியைத் தொட்டதே இல்லை.

அப்படியானால் ஏஜென்சிக்கு 'நல்ல ஓட்டுநர்' என்று உறுதி சொன்ன 'மேற்பார்வையாளர்' யார்? விண்ணப்பத்தில் ஓட்டுநரே எழுதிக் கொடுத்த கைபேசி எண் அது. எடுத்தவர் அவருடைய அறைத் தோழர். திருடனிடமே சாவியைக் கொடுத்து வீடு பூட்டியிருக்கிறதா என்று கேட்ட கதைதான். சான்றிதழ் விஷயம் இன்னும் அழகு. பயிற்சி நிலையத்துக்கு யாரும் பேசவே இல்லை. நான் பேசினேன். அந்த வரிசை எண்ணில் சான்றிதழ் உண்டு, ஆனால் வேறொருவர் பெயரில். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'சரிபார்க்கப்பட்டது' என்பது ஆவணம் பார்வைக்கு ஒழுங்காக இருப்பதை மட்டுமே குறிக்கும். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, டிக். அவ்வளவுதான்.

ஏஜென்சியை அழைத்தேன். "சார், நீங்க எடுத்தது பேசிக் பேக்கேஜ். நேரா கொடுத்த இடத்துலயே விசாரிக்கிறது பிரீமியம்ல தான் வரும்" என்றார் அந்தப் பையன், போன் பிளான் விற்கிறமாதிரி. விற்க வந்தபோது இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், எந்த இழப்பு வந்தாலும் அவர்களின் பொறுப்பு அந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு நான் கட்டிய கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டது நான்தானே. படிக்காமல் போட்டேன்.

என் தப்பையும் மறைக்கப் போவதில்லை. பச்சை டிக் வந்ததும் ஓட்டிக் காட்டச் சொல்லாமலேயே சாவியைக் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியைப் பிறகுதான் படித்தேன். வெளியே பயிற்சி எடுத்திருந்தாலும், இந்த இடத்தில், இந்த வண்டியில் ஓட்டத் தகுதியானவர்தான் என்று முதலாளி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 3 வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும், விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால் மறுபயிற்சி. நம் ஊர்ச் சட்டம் என்ன சொன்னாலும், இதில் உள்ள நியாயம் எங்கும் ஒன்றுதான். காலியான இடத்தில் பதினைந்து நிமிடம் ஓட்டவிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரியிடம் அந்த ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நடக்கிறவங்களுக்கும் வண்டிக்கும் நடுவுல கோடு எங்க இருக்கு?" என்றார். இல்லை. ரேக் காலுக்கு இரும்புத் தடுப்பு? அதுவும் இல்லை. சரியான ஓட்டுநரே வந்திருந்தாலும் அந்தக் கிடங்கில் ஒருநாள் யாராவது அடிபட்டிருப்பார்கள் என்பதை அவர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வேறு ஏஜென்சி தேடுகிறேன். முன்னாலேயே கேள்விகளை அனுப்பிவிடுகிறேன். முந்தைய நிறுவனத்தின் எண் எங்கிருந்து கிடைத்தது, விண்ணப்பத்திலிருந்தா, நீங்களே தேடியதா? பேசியவர் யார், என்ன பதவி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? சான்றிதழைக் கொடுத்த இடத்திடம் கேட்டீர்களா? ஒருவர் பெயரை எத்தனை விதமாக எழுதித் தேடுவீர்கள்? களத்துக்குப் போகிறவர் உங்கள் ஆளா, உள்குத்தகையா? சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவீர்களா, அவருடைய ஆவணங்களை எப்போது அழிப்பீர்கள்? ஒரு ஏஜென்சி இதைப் பார்த்ததோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. இன்னொன்று மாதிரி ரிப்போர்ட் அனுப்பியது, அதில் இரண்டு வரிகளில் 'மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை, உறுதிசெய்ய முடியவில்லை' என்று இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நம்பிக்கையே வந்தது. நிஜமாக விசாரித்தால் எங்காவது ஒரு கதவு திறக்காது. ஐந்தும் பச்சையாக மூன்று நாளில் வருகிறதென்றால் யாரும் கதவையே தட்டவில்லை என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது நான் ஏமாந்தது. என்னை அதிகம் உறுத்துவது வேறு.

விபத்துக்குப் பிறகு அந்த ஏஜென்சி கொடுத்த பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இரவுக் காவலுக்கு வந்த ஒருவருக்கு நீதிமன்றப் பதிவில் சிவப்பு போட்டிருந்தார்கள். அன்று "வேறு ஆள் எடுத்துட்டோம்" என்று ஒற்றை வரியில் அவரை அனுப்பிவிட்டேன். இப்போது வரி வரியாகப் பார்க்கிறேன்: பெயர் ஒன்றேதான், பிறந்த வருடமும் ஒன்றேதான். தந்தை பெயர் வேறு. முகவரி வேறு. பிறந்த தேதியை ஒப்பிடவே இல்லை. வேறு எவருடைய வழக்கையோ இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970-இல் கொண்டுவந்த நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் இத்தகைய ரிப்போர்ட்டுகளுக்கும் பொருந்தும். அதன்படி, ரிப்போர்ட்டைக் காரணம் காட்டி ஒருவரை நிராகரிக்கும் முன் அதன் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும், தவறு என்றால் அவர் மறுக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன, காகிதத்தை நான் அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அவர் எண் பழைய கோப்பில் இருந்தது. அழைத்து நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. எங்களுக்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் இதேபோல் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்களாம். அவர்களும் இதே ஏஜென்சியைத்தான் வைத்திருந்தார்களோ என்னவோ. கோபப்படவில்லை. "அந்தச் சிவப்பை இப்ப எடுத்துட்டாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஏஜென்சிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நேற்று வந்த பதிலில், திருத்தம் கேட்கும் வசதி பிரீமியம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.