வெளிநாட்டு வகுப்போடு இணையும் பயிற்சி: ஞாயிற்றுக்கிழமைக்காகப் போகலாம்

கொழும்பு பம்பலப்பிட்டியில் ஆசிரியர்களுக்கென்று ஒரு வாரயிறுதிச் செயலமர்வு நடத்துகிறார்கள், அதற்குப் போய் வந்தேன். நம் வகுப்பை இணையம் வழியாக இன்னொரு நாட்டு வகுப்போடு சேர்த்து எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் விஷயம். பாடசாலைக்கு வந்த கடிதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். கட்டணம் இல்லை, மதியம் சோற்றுப் பார்சலும் உண்டு (மீன் பார்சல் சீக்கிரம் முடிந்துவிடும், முன்னால் நில்லுங்கள்).

சனிக்கிழமை முழுக்க வீண். சூமில் கணக்குத் திறப்பது, திரையைப் பகிர்வது, பிள்ளைகளின் மைக்கை நிறுத்துவது என்று பொழுது போனது. கொரோனா காலத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? கையேடு அதைவிட மோசம். 2025 மே மாதத்தோடு மூடப்பட்ட வீடியோ அழைப்புச் செயலி ஸ்கைப் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பிள்ளைகள் குட்டி வீடியோ பதிந்து பகிரும், 2024இல் தனிச் செயலியாக இல்லாமல் போன ஃப்ளிப்கிரிட்டும் இருக்கிறது. பாடசாலைகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் இ-ட்வின்னிங் தளத்தையும் போட்டிருந்தார்கள், அது 2005இல் ஐரோப்பியப் பாடசாலைகளுக்காகத் தொடங்கியது, இலங்கையிலிருந்து நாங்கள் போய் அங்கே சேர முடியாது என்ற ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஆனால் ஞாயிறு காலை அமர்வு வேறு ரகம். வளவாளராக வந்த ரீச்சர் கணினியைத் தொடவே இல்லை. பலகையில் நேர அட்டவணை ஒன்றைப் போட்டார். நமக்குப் பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. நாம் மணியடித்து வீட்டுக்குப் போகும்போது லண்டனில் குளிர்காலத்தில் காலை 8 மணி, கோடையில் 9. நியூயோர்க்கில் பிள்ளைகள் இன்னும் தூக்கத்தில். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், நம் 8.30 அங்கே நண்பகல், ஆக நேரடியாகப் பேசலாம் என்றால் கிழக்குப் பக்கம் பாருங்கள் என்றார். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் வாய் திறப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: வீடியோ அழைப்பு கடைசியில் வரவேண்டியது, முதலில் இல்லை. ஐஏர்ன் என்ற வலையமைப்பு 1988இல் நியூயோர்க், மாஸ்கோ பாடசாலைகளை இணைத்துத்தான் தொடங்கியது, நாம் இன்று பார்க்கும் இணையத்தளங்கள் எதுவும் அப்போது இல்லை. அதே ஐஏர்னில் கரடிப் பொம்மைத் திட்டம் ஒன்று இருக்கிறது, ஒரு வகுப்பு தன் பொம்மையைத் தபாலில் அனுப்பும், போன இடத்துப் பிள்ளைகள் அந்தப் பொம்மை எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதி மின்னஞ்சலில் திருப்பி அனுப்புவார்கள். நேர வித்தியாசமும் தொல்லையில்லை, டேட்டா செலவும் சொற்பம். பிறகு எங்களைக் குழுவாகப் பிரித்து, இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பதில் தேவைப்படும் கேள்வி ஒன்றை எழுதச் சொன்னார். எங்கள் குழு, ‘உங்கள் பாடசாலை வாசலில் விழும் மழைநீர் எங்கே போகிறது?’ என்று எழுதியது. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தேட ஐப்பசி மழையும் பக்கத்துக் கால்வாயும் போதும். படம் எடுத்து ஒரு பெட்லெட் பலகையில் (எல்லோரும் படமும் குறிப்பும் ஒட்டக்கூடிய இணையப் பலகை) போட்டால் மற்றப் பக்கத்தவர்கள் தங்கள் நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார், நல்லது. எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு அழைப்பு, அதற்கு சூமின் இலவச 40 நிமிடம் தாராளம்.

இரண்டு குறைகளை ஏற்பாட்டாளர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். மண்டபத்தில் பாதிப்பேர் தமிழ் மொழிமூல ஆசிரியர்கள், ஆனால் எல்லாம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அடுத்த ஸ்லைட் வந்துவிடும். இரண்டாவது, இணை வகுப்பைத் தேடித் தருவோம் என்று சொல்லி ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், இன்றுவரை அதில் காலை வணக்கப் படங்கள் மட்டும்தான் வருகின்றன. கடைசியில் இணை வகுப்பை நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

சரி, போகலாமா? கணினி என்றாலே பயம் என்றால் இரண்டு நாளும் போங்கள். மற்றவர்கள் சனிக்கிழமை வீட்டு வேலையைப் பாருங்கள், ஞாயிறு மட்டும் வரலாமா என்று முன்கூட்டியே கேட்டால் விடுகிறார்கள், என் தோழி அப்படித்தான் வந்தார். சொந்த மடிக்கணினி கொண்டுபோங்கள், அங்கே மூன்று பேருக்கு ஒன்றுதான் கிடைக்கும். உங்கள் பாடசாலை நேர அட்டவணையையும் எடுத்துப் போனால் அங்கேயே உட்கார்ந்து திட்டம் போட்டுவிடலாம்.