வெட்டுக்கல் மண்ணில் எதை நம்புவது: அணுக்கதிர் கேஜையா, மணல் உருளையையா?

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு சாலை வேலை. சப்கிரேடு அடுக்கு (சாலைக்கு அடியில் இறுக்கிப் போடும் மண் அடுக்கு) ஒன்றை ரோலர் ஓட்டி முடித்திருந்தோம். மண்ணின் அடர்த்தியையும் ஈரத்தையும் கதிரால் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்த தம்பி நிமிர்ந்து, “ஈரம் கூடுதலாக்கும் அண்ணா, பதினெட்டு காட்டுது” என்றான். அந்த மண்ணுக்கு ஆய்வகத்தில் வந்திருந்த ஓ.எம்.சி., அதாவது மண் நன்றாக இறுகத் தேவையான ஈரம், 13.5 சதவீதம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு அதற்கு மேலே 1 சதவீதமும் கீழே 2 சதவீதமும்தான் விடுகிறது. பதினெட்டு என்றால் கிளறிக் காயப்போட வேண்டியதுதான். கிரேடரை விட்டுக் கிளறினோம். மறுநாள் காலை, கிளறும் முன் அதே இடத்தில் எடுத்திருந்த மண்ணை அடுப்பில் உலர்த்திப் பார்த்தால் ஈரம் 14. நன்றாக இருந்த அடுக்கை நாங்களே கெடுத்திருந்தோம்.

அன்று கேஜ் பழுதாகியிருக்கவில்லை. அது சொன்னதும் பொய்யில்லை. அதன் மொழியை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் எஃப்.டி.டி. (சைட்டில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற அடர்த்திச் சோதனை) எடுக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால்தான் கேஜ், மணல் உருளை இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கேஜ் காட்டிய ஈர அடர்த்தி 2.02 கிராம்/சி.சி. ஈரம் 18 என்று கொண்டால் உலர் அடர்த்தி 2.02 ÷ 1.18, அதாவது 1.712. ஈரம் 14 என்றால் 2.02 ÷ 1.14, அதாவது 1.772. ப்ராக்டரில் (மண்ணைச் சம்மட்டியால் அடித்து இறுக்கிப் பார்க்கும் ஆய்வகச் சோதனை) கண்ட எம்.டி.டி., அதாவது அதிகபட்ச உலர் அடர்த்தி, 1.81. முதல் கணக்கில் 94.6 சதவீதம் வருகிறது, இரண்டாவதில் 97.9. சப்கிரேடுக்குக் கேட்பது 97. ஒரே மண், ஒரே ரோலர், ஒரே அடர்த்தி. ஈரத்தில் நாலு புள்ளி பிசகியதும் பாஸ் ஃபெயிலாகிவிட்டது.

இது ஏன் என்று தெரிய, கேஜ் ஈரத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். அதனுள் இரண்டு மூலங்கள் உண்டு. கம்பியின் நுனியில் சீசியம் 137, வழக்கமாக 8 மில்லிகியூரி. அது காமா கதிர் விட்டு அடர்த்தியை அளக்கிறது. அடிப்பாகத்தில் அமெரிசியம் 241-பெரிலியம், 40 மில்லிகியூரி போல. அது வேக நியூட்ரான் விடுகிறது. நியூட்ரான் ஹைட்ரஜனில் மோதினால்தான் சட்டென்று வேகம் இழக்கும். வேகம் இழந்து திரும்பும் நியூட்ரான்களை எண்ணி, இவ்வளவு தண்ணீர் என்று கருவி சொல்கிறது. ஆக அது எண்ணுவது ஹைட்ரஜனை, தண்ணீரை அல்ல. களித்தாதுவின் கட்டமைப்புக்குள் பூட்டிக் கிடக்கும் ஹைட்ரஜனும் அதன் கணக்கில் தண்ணீர்தான்.

நம் வெட்டுக்கல் மண்ணில் அப்படிப் பூட்டிய ஹைட்ரஜன் ஏராளம். கயோலினைட், கிப்சைட், கோயதைட் எல்லாமே ஹைட்ராக்சில் கொண்ட தாதுக்கள். இந்த மண்ணுக்கு லேட்டரைட் என்ற பெயரை 1807-ல் வெளியான தன் பயண நூலில் வைத்தவர் ஃபிரான்சிஸ் புக்கானன். மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில், தரையில் இருந்து வெட்டிச் செங்கல் போல அடுக்குவதைப் பார்த்து, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லில் இருந்து எடுத்த பெயர் அது. விளவங்கோட்டில் இருந்து பாறசாலை தாண்டி வடக்கே போகப் போக வீட்டுச் சுவரிலும் கிணற்றுக் கரையிலும் பார்ப்பது இதைத்தான். கட்டுமானத்துக்கு அருமையான பொருள். நியூட்ரானுக்கு முன்னால் மட்டும் இருப்பதைவிட ஈரமான மண்ணாக நிற்கிறது.

திருத்தம் கஷ்டமில்லை. ஒவ்வொரு குவாரி மண்ணுக்கும் ஏழெட்டு இடத்தில் கேஜ் வைத்து, வைத்த அதே இடத்தில், அதே ஆழத்துக்கு மண் எடுத்து அடுப்பில் உலர்த்துங்கள். மேலே சொன்ன கணக்கில் கேஜ் கன மீட்டருக்கு 308 கிலோ தண்ணீர் என்கிறது, அடுப்பு 248 என்கிறது. அறுபது கிலோவைக் கழிக்கும்படி ஆஃப்செட் போட்டுவிட்டால் அந்த மண்ணுக்குக் கருவி சரியாகப் பேசும். குவாரி மாறினால் ஆஃப்செட்டும் மாற வேண்டும். எங்கள் தப்பு இதுதான்: ஆறு மாதம் முன்பு வேறு மேட்டில் போட்ட ஆஃப்செட்டே கருவியில் கிடந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

அடர்த்திப் பக்கம் கேஜ் இவ்வளவு ஏமாற்றுவதில்லை. ஆனால் கம்பியைக் குழிக்குள் இறக்கி அளந்தால் மட்டும். மேலேயே வைத்து, திரும்பி வரும் கதிரைக் கொண்டு அளக்கும் பேக்ஸ்கேட்டர் முறை மேல் சில சென்டிமீட்டரைத்தான் பெரும்பாலும் பார்க்கும். இரும்பு அதிகமான மண்ணில் அதற்குப் பிழையும் கூடும். செம்மண்ணுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டை வைத்து ஊசிக்கம்பியை அடித்து, அளக்கும் ஆழத்தைவிட 50 மி.மீ. கூடுதலாகக் குழி போட்டு, கம்பியை இறக்கி, குழிச்சுவரோடு ஒட்டும்படி கருவியை டிடெக்டர் பக்கமாக மெல்ல இழுத்து வையுங்கள். ஒரு நிமிடம். பிறகு கருவியைத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சரளை மண்ணில் ஒரு கல் கம்பிக்கு முன்னால் நின்றாலே எண் மாறும்.

இனி மணல் உருளை. ஐ.எஸ். 2720-ன் 28-ஆம் பகுதி. 100 மி.மீ. துளையுள்ள தட்டை வைத்து 150 மி.மீ. ஆழம் வரை தோண்டி, வந்த மண்ணைச் சிந்தாமல் எடை போட்டு, குழியில் எடை தெரிந்த மணலை ஊற்றிக் கனஅளவு காண்பது. இதற்கு ரேடியேஷன் உரிமம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், மண்ணின் வேதியியல் பற்றிக் கவலை வேண்டாம். குழி குழிதான், எடை எடைதான். மண் இரும்பாக இருந்தாலும் களியாக இருந்தாலும் அது பதிலை மாற்றாது. கேஜைத் திருத்துவதற்கு இதை நாம் ஏன் நம்புகிறோம் என்றால் இதனால்தான்.

ஆனால் இதிலும் மனிதன் பிழை செய்ய நிறைய இடமுண்டு. பத்தடியில் ரோலர் அதிர ஓடிக்கொண்டிருக்கும்போது மணல் ஊற்றினால் மணல் நெருங்கி விழும். குழி பெரிதாகத் தெரியும், அடர்த்தி குறைந்து வரும். நம் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் பெய்யும். அந்த மாதங்களில் மூடி இல்லாத டப்பாவில் வைத்த மணல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உருளையில் இருந்து தடங்கலின்றி இறங்காது. ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் நிற்கும் சுத்த மணல்தான் வேண்டும். ஒருமுறை ஊற்றியதைச் செம்மண்ணோடு அள்ளி மறுபடி ஊற்றுவதைப் பல சைட்டுகளில் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் காலையில் கண்ட மணல் அடர்த்தி மத்தியானம் செல்லாது. அப்புறம், பெரிய சரளை கிடக்கும் மண்ணில் சின்னக் குழி ஏமாற்றும். அதற்கு 150 அல்லது 200 மி.மீ. குழி எடுக்கும் பெரிய உருளை இருக்கிறது. தூக்கச் சிரமம் என்று அதை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

நேரத்தில்தான் மணல் தோற்கிறது. ஒரு குழிக்கு அரை மணி நேரம், பிறகு 105 முதல் 110 டிகிரியில் 24 மணி நேரம் அடுப்பு. மழை வரும் முன் அடுத்த அடுக்கைப் போட நிற்கும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு நாள் என்பது பெரிய காலம். கேஜ் அந்த நேரத்தில் முப்பது இடம் பார்த்துவிடும். முப்பது இடம் பார்ப்பதும் சாதாரண விஷயமில்லை. மணலில் மூன்று குழி எடுத்து, மூன்றும் நல்ல இடத்தில் விழுந்துவிட்டால், ஓரத்தில் ரோலர் ஏறாத பட்டை கண்ணுக்கே வராது. அந்தப் பட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பல தடவை கேஜ்தான்.

அவசரத்துக்கு ராபிட் மாய்ஸ்சர் மீட்டர் கொண்டுவருவார்கள். கால்சியம் கார்பைடு தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு விட, அழுத்தமானி ஈரத்தைக் காட்டும். கார்பைடு தாதுவுக்குள் பூட்டிய ஹைட்ரஜனைத் தொடாது என்பதால் வெட்டுக்கல் மண்ணில் கேஜுக்கு இது நல்ல சாட்சி. இரண்டு எச்சரிக்கை: மானி காட்டுவது ஈர மண்ணின் எடையில் சதவீதம். 15 என்று காட்டினால் 15-ஐ 85-ஆல் வகுக்க வேண்டும், உண்மை ஈரம் 17.6. இதை மறந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று, ஆறு கிராம் மண்ணில் சரளையின் பங்கு எப்படி வரும்? கட்டியாக ஒட்டிய களியை உள்ளே போடும் எஃகு உருண்டை உடைக்காவிட்டால் அதன் உள் ஈரமும் தெரியாது.

அடுப்பையும் கேள்வி கேட்க வேண்டிய இடம் உண்டு. ஹாலோசைட் என்ற களித்தாது உள்ள மண்ணானால் 105 டிகிரியில் கட்டமைப்பு நீரும் கொஞ்சம் கிளம்பும். சந்தேகம் இருந்தால் ஒரு பங்கை 50 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி ஒப்பிடுங்கள். சாலை வேலைக்கு ஒன்று போதும்: ப்ராக்டருக்கும் எஃப்.டி.டி.க்கும் ஒரே சூடு. இன்னொரு விஷயம், ப்ராக்டரின் சம்மட்டி அடியில் வெட்டுக்கல் சரளை நொறுங்கும். எடுத்த ஒரே மண் மாதிரியையே, ஈரத்தை மாற்றி எடுக்கும் ஐந்து புள்ளிக்கும் திரும்பத் திரும்ப அடித்தால் எம்.டி.டி. உயர்ந்துவிடும். பிறகு சைட்டில் எதை வைத்து அளந்தாலும் சதவீதம் எட்டாது. புள்ளிக்கொரு புது மண் எடுங்கள்.

கோர் கட்டர் (மண்ணில் அடித்து இறக்கி மாதிரி எடுக்கும் எஃகு உருளை) பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயல் களிக்கு நல்லது, வேகமானது. சரளையில் அடித்தால் விளிம்பு மடங்கும், உள்ளே மண் குலையும். இந்த ஊர் மண்ணுக்கு அது ஆகாது.

கேஜில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி காலை ஸ்டாண்டர்ட் கவுண்டிலேயே தெரிந்துவிடும். பாலித்தீன் கட்டையின் மேல் வைத்து எடுக்கும் எண், முந்தைய நாலு நாள் சராசரியோடு அடர்த்திக்கு 1 சதவீதம், ஈரத்துக்கு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லை என்றால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். கட்டையில் செம்மண் ஒட்டியிருக்கிறதா? ஜீப்போ சுவரோ மூன்று மீட்டருக்குள் நிற்கிறதா? பத்து மீட்டருக்குள் இன்னொரு கேஜ் இருக்கிறதா? இதையெல்லாம் சரிசெய்து மறுபடி எடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அன்று அதை வைத்து அளக்க வேண்டாம். அடர்த்தி எண் வருடத்துக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவது இயல்பு. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருடம் என்பதால் அப்படி. வாங்கிய வருடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருவியின் அடியில் இடைவெளி இருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும். அந்த மண்ணின் பொடியையே தூவிச் சமன் செய்யுங்கள், கனமாக வேண்டாம். சாரல் அடித்த மாலையில் இன்னொரு தொல்லை: அடர்த்தியைக் கம்பி இறங்கிய 200 மி.மீ. வரை பார்க்கும் கருவி, ஈரத்தை மேற்பரப்பில் இருந்துதான் பார்க்கிறது. மேலே நனைந்து கீழே காய்ந்த அடுக்குக்கு அது முழு அடுக்கும் ஈரம் என்று சொல்லும். நனைந்த தோலைச் சுரண்டிவிட்டு வையுங்கள்.

செம்மண் சேறு கம்பித் துளைக்குள் ஏறி, கதிரை மறைக்கும் ஷட்டரை அடைப்பது இந்த ஊரின் தனி நோய். கைப்பிடியைத் தூக்கினால் ‘சேஃப்’ நிலையில் பூட்டும் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் குனிந்து அடியில் பார்க்காதீர்கள். கருவியை அங்கேயே விட்டு, ஆட்களை விலக்கி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டு சர்வே மீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் கால்வாசியாகும். அவசரப்பட்டுக் கையால் சேறு தோண்டும் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இந்தப் பொறுப்புதான் கேஜின் உண்மையான விலை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், பயிற்சி பெற்ற ஆள், மார்பில் அவர் வாங்கும் கதிரைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ், இரவில் பூட்டிய தனி அறை, களியக்காவிளை தாண்டிப் பாறசாலை சைட்டுக்கு எடுத்துப் போனால் வண்டியில் அதற்கான காகிதங்கள். ஒழுங்காக நடந்தால் இயக்குபவருக்கு வரும் கதிர் அளவு ஆண்டு வரம்பான 20 மில்லிசீவர்ட்டுக்கு வெகு கீழேதான் நிற்கும். ஊர்ப் பெண்கள் பயந்து கேட்டால் பொறுமையாக உட்கார்ந்து விளக்குங்கள், அவர்கள் பயத்துக்கு நியாயம் உண்டு. 2010-ல் தில்லி மாயாபுரியில் கைவிட்ட ஒரு கோபால்ட் 60 கருவி பழைய இரும்புக்குப் போய் ஓர் உயிர் போனது.

ரெண்டு கிலோமீட்டர் ஊராட்சிச் சாலைக்கு கேஜ் தேவையில்லை. மூடியுள்ள டப்பாவில் உலர்ந்த மணலும் பெரிய உருளையும் ஒரு பொறுமைசாலியும் போதும். நாளுக்கு ஐந்தாறு அடுக்கு ஏறும் நான்குவழிச் சாலைக்கு கேஜ் வேண்டும், ஆனால் ஒவ்வொரு குவாரிக்கும் அடுப்பில் கண்ட ஆஃப்செட்டோடு. எண் விவரக்குறிப்புக்கு அருகில் தடுமாறும் இடத்தில் மணல் குழி எடுத்து முடிவு செய்யுங்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடல் மணலில் நிரப்பும் வேலையானால் நான் மணல் உருளையோடு மட்டுமே போவேன். அந்த மணலில் கிடக்கும் மோனசைட் தாதுவில் தோரியம் உண்டு, அந்த மணலே காமா விடுகிறது. இல்மனைட், சிர்க்கான் போன்ற கனத் தாதுக்களும் கலந்து கிடக்கின்றன. ஒரே கரையில் பத்தடிக்குப் பத்தடி கருமணல் பங்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே எந்த ஆஃப்செட்டை நம்பிப் போடுவது?