பார்வையற்ற பூனைக்காக வாங்கிய தடுப்புக் கதவு: ஐந்து வாரப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்று பூனைகள் வளரும் வீட்டுக்கு, இரு கண்களிலும் பார்வையற்ற வளர்ந்த கடுவன் ஒன்றை, கருத்தடை அறுவை முடிந்த நான்காம் நாளில் அழைத்து வந்தோம். அதற்காக வாங்கியதுதான், ஆணி அடிக்காமல் கதவு நிலைக்கு இடையே திருகுகளை இறுக்கி நிறுத்தும் இந்தக் கம்பித் தடுப்பு. இது குழந்தைகளுக்கென்று செய்யப்படும் பொருள். பூனையின் தாவலைக் கணக்கில் கொண்டதல்ல. ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இதன் விளிம்பில் எங்கள் இளைய பூனை, பொருத்திய இரண்டாம் நாளே ஏறி அமர்ந்துவிட்டது.

வாங்கியவுடன் இதை நான் பொருத்தவில்லை. தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை புதியவனை மூடிய அறையில் வைத்து, படுக்கைத் துணிகளை மட்டும் இரு பக்கமும் மாற்றிப் போட்டோம். அறுவைக்குப் பின்னும் கடுவனின் வாடையும் பழக்கங்களும் மறையச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், இதில் அவசரம் காட்டுவது வீண்.

பொருத்திய பின்புதான் உண்மையான குறைகள் தெரிந்தன. கம்பிகளுக்கு இடையே ஒரு பூனையின் முன்னங்கால் தாராளமாக நுழைகிறது. பார்வையுள்ள பூனை அடி வருவதைக் கண்டு விலகும். இவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நெருக்கமான வலையைத் தடுப்பு முழுவதும் கட்ட வேண்டியதாயிற்று. அதன்மேல் தடித்த துணியைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் உணவு வைத்து, நாளுக்குச் சில விரற்கடை அளவே உயர்த்தினேன். துணி அவனுக்காக அல்ல, மற்றவர்களுக்காக. பூனைகளிடையே இமைக்காமல் நோக்குவது சண்டைக்கு அழைப்பு; இவனோ ஒலி வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி அப்படியே நிற்பான். எதிரில் இருப்பது பார்வையை விலக்கிச் சமாதானம் காட்டினாலும் அவனுக்குத் தெரியப் போவதில்லை. எங்கள் மூத்த பெட்டை அதை முறைப்பாகவே எடுத்துக்கொண்டு பல நாள் சீறியது.

தாழ்ப்பாளின் உலோகச் சத்தம் இன்னொரு தொல்லை. செவியையே நம்பி வாழும் விலங்கு ஒவ்வொரு முறையும் அதிர்ந்து பதுங்கியது. கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டிய பிறகே அமைதி வந்தது. மற்ற மூன்றின் கழுத்திலும், சிக்கினால் தானே கழன்றுவிடும் பட்டைகளில் சிறுமணி கட்டினோம். இந்தத் தடுப்பைவிட அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வாசலுக்குக் குறுக்கே தரையில் கிடக்கும் அடிச்சட்டம். கதவு திறந்திருந்தாலும் அது அங்கேயே இருக்கும். முதல் சில நாட்கள் அவன் அதில் இடறினான். நிரந்தரமாக வைக்க நினைப்பவர்கள் அடிச்சட்டம் இல்லாத, சுவரில் திருகும் வகையைத் தேடுவது நல்லது. எங்களைப் போலச் சில வாரங்களுக்கு மட்டும் வேண்டுவோர், வலை கட்டும் சிரமத்துக்கு ஒப்பினால், இதை வாங்கலாம்.

ஐந்தாம் வாரத்தில் நான்கும் ஒரே அறையில் உண்ணத் தொடங்கியதும் தடுப்பைக் கழற்றினேன். அவன் இன்றும் அந்த வாசலுக்கு வந்ததும் நின்று, இல்லாத சட்டத்தைத் தாண்டக் காலைத் தூக்கி வைக்கிறான்.