செஷனில் அடுக்கு ஆப்ஜெக்ட்: மரத்தையே வைப்பதா, எண்ணை மட்டும் வைப்பதா?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்குக் காரைக்குடியிலிருந்து ஆர்டர் பக்கம் எழுதிக் கொடுத்தபோது, செஷனில், அதாவது ஒருவர் பக்கம் மாறினாலும் அவருடைய விவரங்களைத் தளம் தொடர்ந்து வைத்திருக்கும் இடத்தில், எதை வைப்பது என்ற கேள்வி எனக்குப் பெரிதாயிற்று. டைல்ஸ் ஆர்டர் இயல்பிலேயே அடுக்கடுக்கானது. ஒரு வீடு, அதற்குள் முகப்பு, வளவு, பட்டாலை என்று பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் வரும் பூ டிசைன், சுற்றி ஓடும் பார்டர், நிறம், எண்ணிக்கை. பத்து அங்குலச் சதுரக் கல்லாக இருந்தால் 100 சதுர அடிக்கு 144 கல் வேண்டும். வெட்டுச் சேதம் தனி. வாடிக்கையாளர் பக்கம் பக்கமாக நகரும்போது கிளைவிட்ட மரம்போல் அடுக்கான இவ்வளவையும் சர்வர் எங்கேயாவது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வழி, நிரலில் இந்த விவரங்களைத் தாங்கும் ஆப்ஜெக்ட்டை அப்படியே செஷனில் போடுவது. பிஎச்பி மொழியில் இது மிக எளிது. உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் ஒரு கோரிக்கை (உலாவி பக்கத்தைக் கேட்பது) முடியும்போது அது சீரியலைஸ் செய்து, அதாவது சேமிக்கக்கூடிய தொடராக மாற்றி, எழுதிவிடும். ஆனால் அடுத்த கோரிக்கையில் செஷனைத் திறப்பதற்குமுன் அந்த ஆப்ஜெக்ட்டின் வார்ப்பான கிளாஸின் வரையறை ஏற்றப்படாமலும், தேவைப்படும்போது தானாக ஏற்றும் ஆட்டோலோட் வழியாகக் கிடைக்காமலும் இருந்தால், நாம் வைத்த ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாக முழுமையற்ற ஒன்றே திரும்பி வரும். ஜாவாவிலோ ஒரே சர்வரில் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும்; செஷனை இரண்டு சர்வருக்கு நகலெடுக்கத் தொடங்கும் நாளில், மரத்தில் உள்ள ஒவ்வொரு கிளாஸும் சீரியலைஸ் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பிழைச் செய்தியாக வந்து நிற்கும். கிளாஸில் ஒரு புலத்தின் பெயரை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றினால் பழைய செஷன்கள் பழைய வடிவத்திலேயே கிடக்கும் என்பது இந்த வழியின் ஆழமான குறை. பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யும் பிக்கிளில் பாதுகாப்புச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: நம்பத்தகாத பிக்கிளைத் திறப்பது, பிறர் எழுதிய நிரலை நம் சர்வரில் ஓட விடுவதற்குச் சமம். பைத்தான் வலைச்சட்டகமான ஜாங்கோ, 1.6 பதிப்பிலிருந்து வெறும் எழுத்து வடிவமான ஜேசனை இயல்பாக்கி, 5.0இல் பிக்கிள் சீரியலைசரையே நீக்கியதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது வழி, கிளாஸ் எதுவும் இல்லாமல் எண், எழுத்து, பட்டியல், அகராதி ஆகியவற்றால் மட்டும் மரத்தைக் கட்டி ஜேசனாக வைப்பது. மைக்ரோசாஃப்ட்டின் வலைச்சட்டகமான ஆஸ்ப் டாட்நெட் கோரின் செஷன் பைட்டுகளையே ஏற்பதால், அங்கே அடுக்கு ஆப்ஜெக்ட்டை வைக்கப் பொதுவாக இந்த வழியே கையாளப்படுகிறது. இதற்கும் விலை உண்டு. ஜாங்கோவில் தேதியையும் டெசிமல் விலையையும் நேராக வைத்தால் பிழை வரும். அகராதியில் 1 என்ற எண்ணைச் சாவியாக வைத்தால் அது "1" என்ற எழுத்தாகத் திரும்பும்.

எனக்கு உண்மையில் இரண்டு நாளைப் பறித்தது வேறொன்று. வளவுக்கு ஒருவர் பார்டரைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பக்கத்தில் அது தெரிந்தது; அடுத்த பக்கத்தில் காணாமல் போனது. மேல்மட்டச் சாவிக்குப் புதிய மதிப்பைத் தரும்போதுதான் செஷன் மாறியதாக ஜாங்கோ அறிகிறது. மரத்தின் உள்ளே ஒரு கிளையைத் திருத்தினால் அதற்குத் தெரியாது. மாறிவிட்டது என்று நாமே குறித்துச் சொல்ல வேண்டும். பைத்தானின் இன்னொரு சட்டகமான பிளாஸ்க்கும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் சட்டகமான எக்ஸ்பிரஸின் வழக்கமான செஷன் தொகுப்போ கோரிக்கையின் முடிவில் முழு உள்ளடக்கத்தையும் முன்பிருந்ததோடு ஒப்பிடுவதால், உள் மாற்றத்தையும் கண்டுகொள்கிறது. பிளாஸ்க்கின் இயல்பான செஷன் உலாவி சேமித்துவைக்கும் சிறு தரவான குக்கியிலேயே பயணிப்பதால் ஏறக்குறைய 4096 பைட்டு வரம்பும் உண்டு. பெரிய வீடு ஒன்றின் ஆர்டர் அதில் அடங்காது.

மூன்றாவது வழியே எனக்குப் பிடித்தது. ஆர்டரை வரைவு நிலையில் டேட்டாபேஸில் எழுதி, அதன் எண்ணை மட்டும் செஷனில் வைப்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாக ஒரு வினவல் ஆகும் என்பது உண்மையே, ஆனால் இந்த ஊர்ப் பழக்கத்தில் அது பெரிதல்ல. பங்காளிகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், பட்டாலைக்கு எந்தப் பூ என்று முடிவாகவே வாரங்கள் ஆகும். பிஎச்பி செஷனின் இயல்பான ஆயுளோ 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஜாங்கோவில் இரண்டு வாரம். இரண்டு தாவல்களில் ஒரே நேரத்தில் திருத்தினால், ஜாங்கோவில் கடைசியாக எழுதிய தாவலின் செஷன் மற்றதை முழுதாக அழித்துவிடும். டேட்டாபேஸில் பகுதிக்கு ஒரு வரிசை என்று வைத்தால், முகப்பைத் திருத்தியவர் வளவைத் தொடுவதில்லை.

கானாடுகாத்தான் தங்கும் விடுதி ஒன்றில் அறை தேடும் பக்கம் போலச் சில நிமிடங்களில் முடிகிற வேலைக்கு நான் இன்னும் ஜேசன் மரத்தையே வைக்கிறேன். அங்கே வரைவுக்கென அட்டவணை அமைப்பது வீண் உழைப்பு. எந்த வழியானாலும் விலையை மட்டும் செஷனில் வைப்பதில்லை. டிசைன் எண்ணை வைத்துக்கொண்டு, காட்டும்போது அன்றைய விலையைப் படிக்கிறேன். வரைவு எண்ணை முகவரியில் போட்டு உறவினருக்கு அனுப்பும் வசதி தந்தால், பார்ப்பவருக்கு அந்த ஆர்டரில் உரிமை உண்டா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்க்க வேண்டும். கைவிடப்பட்ட வரைவுகளைத் துடைக்கும் வேலையை இரவில் தானாக ஓடும்படியும் அமைக்க வேண்டும்.